நியூட்ரல் கிட்டவில்லை

திருவனந்தபுரம் கவடியாரில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டதும் 'டக்' என்று ஓர் அடி. கீழே யாரோ சுத்தியலால் தட்டியதுபோல வண்டி ஒரு விரற்கடை முன்னே துள்ளும். அடுத்து வெள்ளயம்பலம் சிக்னல். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கால்விரலால் லேசாகத் தூக்கினால் இரண்டாம் கியர் விழும். லேசாக அழுத்தினால் மறுபடி முதல் கியர். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரலின் பச்சை விளக்கு மின்மினிபோல ஒரு கணம் எரிந்து அணையும். பாளையத்திலும் இதே போராட்டம், ஓவர்பிரிட்ஜிலும் இதே போராட்டம். கிழக்கேகோட்டை போய்ச் சேரும்போது இடது கை விரல்கள் மரத்துப்போயிருக்கும். ஒரு வாரம் இப்படி ஓட்டினேன்.

அதற்குச் சில நாள் முன்புதான் எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தேன். என்னுடையது ஐந்து கியர் உள்ள 150 சிசி வண்டி. அதன் கையேட்டில் 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருக்கிறது. கடையில், "நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் தண்ணியா ஓடிடும், கெட்டியா ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 கேனை எடுத்து நீட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கெட்டியான எண்ணெய் என்றால் கெட்டியான பாதுகாப்பு என்றுதானே மனம் கணக்குப் போடும்?

கரமனையில் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதை நடத்துபவர் மார்த்தாண்டத்துக்காரர். இங்கே எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழிலும் மலையாளத்திலும் தொழில் தெரிந்தவருக்கு அதுதான் பெயர்.

"கியர்பெட்டி போச்சா ஆசானே?" என்று கேட்டேன்.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "எஞ்சின அணச்சுட்டு இப்ப நியூட்ரல் போட்டுப் பாருங்க சாரே" என்றார்.

அணைத்தேன். கால்விரலால் தூக்கினேன். எந்த முரண்டும் இல்லாமல் நியூட்ரல் விழுந்தது.

"பெட்டி கெட்டுப்போயிருந்தா எஞ்சின் ஓடினாலும் ஓடலன்னாலும் மக்கர் பண்ணும். ஓடும்போது மட்டும் மக்கர்னா, கிளட்ச் முழுசா விடல. அவ்வளவுதான்."

அந்த ஒரு சோதனையில் இருக்கிற இயற்பியல்தான் இந்தக் கட்டுரை. கியர் கடினமாக விழும்போது நாம் பழியைக் கியர்பெட்டியின் மேல் போடுகிறோம். குற்றம் பெரும்பாலும் அதற்கு ஒரு படி முன்னால், கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனில் கிடக்கும் எண்ணெய்ப் படலத்தில் இருக்கிறது.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கியர் மாற்றும்போது ஒரு பல்சக்கரம் விலகி இன்னொரு பல்சக்கரம் வந்து கோத்துக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார்சைக்கிளில் அப்படி இல்லை. ஐந்து ஜோடிப் பல்சக்கரங்களும் எந்நேரமும் கோத்தபடியே சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மேல் சும்மா உருளும். தண்டை அது பிடித்துக்கொள்ளாது. அதன் பக்கத்தில், தண்டோடு சேர்ந்து சுற்றுகிற, ஆனால் இடமும் வலமும் நகரக்கூடிய இன்னொரு சக்கரம். இதன் பக்கவாட்டில் கட்டை கட்டையாகக் கொண்டிகள் புடைத்து நிற்கும். கால் லீவரை அழுத்தினால் உள்ளே ஒரு உருளை ஒரு கட்டம் திரும்புகிறது. அந்த உருளையில் வெட்டியிருக்கும் வளைந்த பள்ளத்தில் ஓடும் ஃபோர்க், ஒரு கவட்டைக்குச்சிபோல அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கொண்டிகள் எதிர்ச் சக்கரத்தின் துளைகளில் போய் மாட்டுகின்றன. கியர் விழுந்துவிட்டது.

அதாவது கியர் விழுவது என்பது கொண்டி மாட்டுவது; நியூட்ரல் கிடைப்பது என்பது கொண்டி கழல்வது.

இங்கே வடிவமைப்பாளர்கள் செய்த ஒரு நுட்பமான வேலை உண்டு. கொண்டிகளின் பக்கங்களை அவர்கள் நேராக வெட்டுவதில்லை. சற்றே உள்வாங்கிச் சாய்த்துச் செதுக்குகிறார்கள். அதனால் எஞ்சினின் விசை கொண்டியின்மேல் இருக்கும்வரை இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் முழு த்ராட்டிலில் ஏறும்போது கியர் தானாகக் கழன்று விழாமல் இருப்பது இந்தச் சாய்வால்தான். ஓட்டத்தின்போது காக்கிற இந்த இழுவைதான் சிக்னலில் நமக்கு எதிரியாகிறது. கொண்டியின்மேல் சிறிதளவு விசை மிச்சமிருந்தாலும் அது கழல மறுக்கும். ஆக, கியர் இலேசாக மாற வேண்டுமானால் அந்தக் கணத்தில் கொண்டிகளின்மேல் விசை இருக்கக் கூடாது. விசையைத் துண்டிப்பது கிளட்சின் வேலை.

கிளட்ச் என்பது தட்டுகளின் அடுக்கு. உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு ஒன்று, வழுவழுப்பான எஃகுத் தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வுத் தட்டுகள் வெளிக்கூடையோடு சேர்ந்து எஞ்சினின் பக்கம் சுற்றும். எஃகுத் தட்டுகள் உள்ளே கியர்பெட்டித் தண்டோடு சேர்ந்திருக்கும். ஸ்பிரிங்குகள் அடுக்கை அழுத்திப் பிடிக்கும்போது இரண்டும் ஒன்றாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் அழுத்தும் தட்டு விலகி, அடுக்கு தளரும். இந்த அடுக்கு முழுவதும் எண்ணெயில் குளித்தபடி வேலை செய்கிறது. மெக்கானிக்குகள் இதை வெட் கிளட்ச் என்பார்கள். எண்ணெய் வெப்பத்தை எடுத்துப்போகிறது, தேய்ந்த துகளைக் கழுவுகிறது. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் இந்த ஏற்பாடுதான்.

இப்போது சிக்னலில் நிற்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில், லீவரைப் பிடித்தபடி நிற்கிறோம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடுகிறது. கிளட்ச் கூடைக்கு வரும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகி ஏறத்தாழ 420 ஆகிறது. நொடிக்கு ஏழு சுற்று. கூடையும் உராய்வுத் தட்டுகளும் அந்த வேகத்தில் சுற்ற, எஃகுத் தட்டுகள் அசையாமல் நிற்கின்றன, ஏனென்றால் சக்கரம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம். சுற்றும் தட்டு படலத்தை இழுக்கிறது, படலம் நிற்கும் தட்டை இழுக்கிறது. அந்த இழுவை தண்டு வழியாக வந்து கொண்டிகளை அழுத்துகிறது. சாய்வாக வெட்டிய கொண்டி, விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது. எஞ்சினை அணைத்தால் கூடை நிற்கிறது, இழுவை போகிறது, நியூட்ரல் விழுகிறது. வண்டியை முன்னும் பின்னும் சற்றே ஆட்டினால் சில சமயம் நியூட்ரல் கிடைப்பதும் இதே காரணத்தால்தான். ஆட்டும்போது கொண்டியின்மேல் இருக்கும் விசை ஒரு கணம் நீங்குகிறது.

இழுவை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெயின் பிசுக்குத்தன்மையும் தட்டுகளின் வேக வித்தியாசமும் கூடினால் இழுவை கூடும். தட்டுகளுக்கு நடுவிலான இடைவெளி கூடினால் குறையும். நியூட்டன் காலத்திலிருந்து தெரிந்த விதி. ஐந்து உராய்வுத் தட்டுகள் உள்ள ஒரு கிளட்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், ஆகப் பத்து இடைவெளிகள். லீவரை முழுதாகப் பிடிக்கும்போது அடுக்கு மொத்தமே ஒன்றரை மில்லிமீட்டர்தான் தளரும் என்றால், ஒவ்வொரு இடைவெளிக்கும் கிடைப்பது 0.15 மில்லிமீட்டர். ஒரு தபால் அட்டையின் தடிமனைவிடக் குறைவு. எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்து வைத்திருப்பது அவ்வளவுதான்.

இனி எண்ணெய். 40 டிகிரி செல்சியஸில் 10டபிள்யூ-30 எண்ணெயின் பிசுக்குத்தன்மை பொதுவாக 70 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50 ஏறத்தாழ 165. இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் கிளம்பிய முதல் சில கிலோமீட்டருக்கு என் வண்டியின் தட்டுகள் இரண்டு மடங்கு இழுவையோடு போராடிக்கொண்டிருந்தன. எஞ்சின் நன்றாகச் சூடாகி எண்ணெய் 100 டிகிரியை எட்டினால் வித்தியாசம் சுருங்கும். ஆனாலும் பத்தரைக்குப் பதினெட்டு என்ற அளவில் நிற்கும். உண்மையான கிளட்சில் எண்ணெய் எல்லா இடைவெளியையும் நிரப்பி நிற்பதில்லை, உராய்வுப் பட்டையில் வெட்டிய வாய்க்கால்கள் அதை வெளியே தள்ளும். ஆகவே இந்தக் கணக்கு ஒரு திசைகாட்டி மட்டுமே. திசை சரியானது.

காலையில் முதல் கியரின் 'டக்'கும் இந்தப் படலத்தின் பிள்ளைதான். நியூட்ரலில் நிற்கும் வண்டியில் லீவரைப் பிடித்த பிறகும் எண்ணெயின் இழுவையால் கியர்பெட்டியின் உள்தண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தோடு இணைந்த வெளித்தண்டு அசையாமல் நிற்கிறது. சுற்றும் கொண்டி, நிற்கும் துளையில் போய் மோதுகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் தட்டுகள், நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதால் அடி பலமாக விழும். பழைய புல்லட்காரர்கள் காலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சும்மா கிக் அடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். ஒட்டிய தட்டுகளைப் பிரிப்பதற்கான சடங்கு அது.

புல்லட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே எண்ணெய் இத்தனை வேலையையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததல்ல. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு 1955-ல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் இருந்து புல்லட்டுகள் வரத் தொடங்கின. அந்தப் பழைய இரும்பு எஞ்சின் வண்டியில் மூன்று தனித்தனி அறைகள். எஞ்சினுக்கு ஒரு எண்ணெய். இடது பக்கம் பிரைமரி சங்கிலியும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்கு வேறு எண்ணெய். பின்னால் தனியாகப் பொருத்திய ஆல்பியன் வகைக் கியர்பெட்டிக்குக் கெட்டியான கியர் எண்ணெய். ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்ற எண்ணெயைக் குடித்தது. எஞ்சினுக்கு என்ன ஊற்றினாலும் கிளட்சுக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த பாகம் ஒன்று உண்டு. கியர் லீவர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதன் பக்கத்தில் குதிகாலுக்கு இன்னொரு சின்ன லீவர். இரண்டு, மூன்று, நாலு எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதை ஒரு மிதி மிதித்தால் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் பச்சை விளக்கைத் தேடித் தவிக்கும் வேலையே இல்லை. இன்று எந்தப் புது வண்டியிலும் அது கிடையாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2009-ல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் வந்தபோது எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உடலாகிவிட்டன. மூன்று அறை ஒன்றாயிற்று. 15டபிள்யூ-50 எண்ணெய் ஒன்றே எல்லாவற்றுக்கும். ஜப்பானிய வடிவ வண்டிகளில் இது வெகுகாலம் முன்பே வந்துவிட்ட ஏற்பாடு. எடை குறைந்தது, கசிவு குறைந்தது, பராமரிப்பு எளிதானது. மாறாக எண்ணெய்க்கு வந்தது இரட்டை வாழ்க்கை. பிஸ்டனிலும் பேரிங்கிலும் அது வழுக்க வேண்டும். கிளட்சில் தட்டுகள் பிடித்துக்கொள்ளும்போது வழுக்கக் கூடாது, விட்டபிறகு இழுக்கக் கூடாது. கியர் பல்லில் நசுங்கியும் கிழியாமல் தாங்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயிடம் நாம் கேட்பது இவ்வளவும்.

இந்த முரண்பாடு 1990-களில் உலகமெங்கும் வெடித்தது. கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்காக எண்ணெய் நிறுவனங்கள் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டத் தொடங்கின. காருக்கு நல்லது, காரின் கிளட்ச் உலர்ந்தது, எண்ணெயைத் தொடாதது. அதே எண்ணெயை பைக்கில் ஊற்றினால் தட்டுகள் வழுக்கின. ஜப்பானியர்கள் 1998-ல் மோட்டார்சைக்கிளுக்கென்றே ஜாசோ டி 903 என்ற தரக்கட்டளையை வகுத்தார்கள். எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகளைச் சோதனை எந்திரத்தில் சுற்றவிட்டு மூன்றை அளக்கிறார்கள்: வழுக்கும்போது உராய்வு எவ்வளவு, பிடித்து நின்றபின் உராய்வு எவ்வளவு, சுற்றும் தட்டு நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது. உராய்வு போதுமான எண்ணெய்க்கு எம்ஏ, குறைந்ததற்கு எம்பி. பிறகு எம்ஏ-வை எம்ஏ1, எம்ஏ2 என்று இன்னும் நுட்பமாகப் பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம்.

திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் சாதாரணம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பல ஸ்கூட்டர் எண்ணெய்களில் 10டபிள்யூ-30 என்றும் பக்கத்தில் எம்பி என்றும் போட்டிருக்கும். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்தது, அதற்கு அது பொருத்தம். வீட்டில் மிச்சமிருக்கும் அந்தக் கேனை, எண் ஒன்றுதானே என்று பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஏற்றத்தில் எஞ்சின் அலறும், வேகம் ஏறாது. கேனில் எண்ணைப் பார்ப்பவர்கள் எழுத்தையும் பார்க்க வேண்டும்.

சரி, அந்த எண்ணுக்கு என்ன பொருள்? முதல் எண்ணும் டபிள்யூவும் குளிர்காலத்தைக் குறிப்பவை. 10டபிள்யூ என்றால் உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு எண்ணெய் இளகியிருக்க வேண்டும். 20டபிள்யூ என்றால் கழித்தல் 15-ல். இரண்டாம் எண் 100 டிகிரியில் உள்ள பிசுக்கு. நம் ஊரில் டிசம்பர் விடியலில்கூடப் பெரிய குளிர் கிடையாது. ஆகவே இங்கே குளிர் எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. எஞ்சின் கிளம்பாமல் போகும் ஆபத்து இங்கே கிடையாது. ஆனால் 27 டிகிரி காலையும் எண்ணெயைப் பொறுத்தவரை குளிர்தான். அது வேலை செய்ய வேண்டிய வெப்பநிலைக்கு இன்னும் எழுபது டிகிரி ஏற வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் நாலு கிலோமீட்டர் என்றால் எண்ணெய் முழுதாகச் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறோம். அப்படிப்பட்டவருடைய கிளட்ச் வாழ்நாள் முழுக்கக் காலைநேரத்திலேயே வாழ்கிறது.

எண்ணெய் வெப்பத்துக்கு எப்படி இளகும் என்பதைக் கேரளத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். குளியலறையில் இருக்கும் தேங்காயெண்ணெய்ப் புட்டியே சொல்லும். 24, 25 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறைந்து, வெயிலில் வைத்தால் நீராகும். கனிம எண்ணெய் அப்படிச் சட்டென்று உறையாது, படிப்படியாகத் தடிக்கும். தேங்காயெண்ணெயை எந்திரத்துக்கு உகந்ததாக்க முடியுமா என்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வழுக்கும் குணம் அதற்கு நன்றாகவே உண்டு. இந்த உறைதல்தான் பெரும் தடை. தாவர எண்ணெய்களில் ஆமணக்கெண்ணெய்க்கு எந்திர உலகில் பெரிய இடம் இருந்தது. 1909-ல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர், அதாவது ஆமணக்கு, என்பதிலிருந்து பிறந்ததுதான்.

குளிரில் இளகியும் சூட்டில் கெட்டியாகவும் ஓர் எண்ணெய் இருப்பது நீண்ட பாலிமர் சங்கிலிகளால். குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூடானால் விரிந்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கும். காரில் இவற்றின் ஆயுள் நீளம். பைக்கில் அதே எண்ணெய் கியர் பற்களுக்கு நடுவிலும் ஓட வேண்டியிருப்பதால், பற்கள் கத்தரிபோல இந்தச் சங்கிலிகளை நறுக்குகின்றன. 50 என்று ஊற்றிய எண்ணெய் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40-ஆக இளைத்துவிடும். காருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வரும் எண்ணெயை பைக்கில் மூவாயிரம், ஆறாயிரத்தில் மாற்றச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் இளைத்தால் இழுவை குறையும்தானே, கியர் இன்னும் இலேசாக விழ வேண்டாமா? விழாது. கொண்டியும் ஃபோர்க்கும் உரசும் இடத்தில் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடத் தொடங்கும். காலுக்கு ஒரு சொரசொரப்புத் தெரியும். ஒவ்வொரு கியரும் கரகரவென்று போய் விழும். எண்ணெய் மாற்றிய மறுநாள் கியர் புதுசாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வது வெறும் மனநிறைவு இல்லை.

தென்மேற்குப் பருவமழையை இந்தியப் பெருநிலத்தில் முதலில் வாங்கும் கரை இது. வடகிழக்குப் பருவமும் நம்மை விடுவதில்லை. ஈரக்காற்றும் குட்டைப் பயணமும் சேர்ந்தால் எஞ்சினுக்குள் படியும் நீர் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியிலோ கண்ணாடியிலோ மோர்போல வெளுப்புத் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஆனால் ஆசான் அன்று எண்ணெயைத் தொடவில்லை. கிளட்ச் லீவரின் நுனியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். கேபிள் இறுகத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடுகிற தூரம், ப்ளே, இருக்க வேண்டியது பல வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர். என் வண்டியில் முப்பது ஆடியது.

முன்பு போட்ட கணக்கை இங்கே தொடரலாம். லீவர் நுனி மொத்தம் 70 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொண்டால், 15 வீணானால் மிச்சம் 55; 30 வீணானால் 40. அந்த விகிதத்தில் தட்டடுக்கின் தளர்ச்சி ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து 1.1-க்கு இறங்கும். ஒவ்வொரு இடைவெளியும் 0.15-லிருந்து 0.11. இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது, எண்ணெய் மாறாமலேயே. அதற்குமேல் என் கெட்டி எண்ணெயின் இரண்டு மடங்கு. இரண்டும் கூட்டல் அல்ல, பெருக்கல். கேபிள் தளர்ந்தது மெதுவாக, மாதக்கணக்கில் நடந்த சங்கதி, நான் உணரவில்லை. எண்ணெய் மாறியதும்தான் எல்லை தாண்டியது.

ஆசான் எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகிப் பெரிய தளர்ச்சியை எடுத்தார். லீவர் பக்கத்து நட்டால் மிச்சத்தைச் சரிசெய்தார். ஹேண்டிலை இடம் வலம் முழுதாகத் திருப்பி இரண்டு பக்கமும் ப்ளே மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தார். கேபிளின் உறைக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டார். ப்ளே அறவே இல்லாமல் இறுக்குவதும் தப்பு. அப்படிச் செய்தால் ஸ்பிரிங் முழு அழுத்தத்தோடு அடுக்கைப் பிடிக்காது. தட்டு வழுக்கி வழுக்கிக் கருகும்.

பிறகு ஐட்லிங். எஞ்சின் சும்மா நிற்கும்போது 1,400 ஓட வேண்டியது 1,700-ல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அணைந்துவிடாமல் இருக்க நானேதான் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்திருந்தேன். கூடையின் வேகம் கூடினால் இழுவையும் கூடும், முதல் கியரின் அடியும் கூடும். குறைத்தார். சங்கிலியைக் கீழிருந்து மேலாகத் தட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டியது அதைவிடத் தொங்கியது. தொங்கும் சங்கிலி ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஒரு வெட்டு வெட்டும். பெட்டி நன்றாக இருந்தாலும் கெட்டதுபோலத் தோன்றும்.

கடைசியாக என் காலைப் பார்த்தார். செருப்பு. இந்த ஊரில் பாதிப்பேர் செருப்பும் முண்டுமாகத்தான் ஓட்டுகிறோம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தே விழும், குதிகாலால் மிதித்தே இறங்கும். செருப்புக்காலுக்கு ஏற்ற அமைப்பு. என் வண்டியிலோ முதல் கியர் கீழே, மற்ற நாலும் மேலே. காலின் மேற்புறத்தால் தூக்க வேண்டும். லீவர் தாழ்வாக இருந்ததால் கால் அதன் கீழே முழுதாகப் போகவில்லை. தூக்கு பாதியில் நின்றது. உருளை ஒரு கட்டம் முழுதாகத் திரும்பாவிட்டால் கொண்டி துளையின் விளிம்பிலேயே நிற்கும். ஓட்டத்தில் திடீரென்று எந்தக் கியரும் இல்லாமல் எஞ்சின் அலறுவது இதனால்தான். விளிம்பில் மோதி மோதிக் கொண்டியின் முனை மழுங்கிவிட்டால் அப்புறம் கியர் உண்மையிலேயே நழுவத் தொடங்கும். அதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். லீவரின் இணைப்புக் கம்பியை ஓரிரு சுற்றுத் திருகி, கால் படுக்கையாக நுழையும் உயரத்துக்கு ஆசான் ஏற்றினார்.

கிளம்பும்போது ஒரு அடையாளம் சொல்லித் தந்தார். "காலையில மட்டும் கஷ்டம்னா எண்ணெயப் பாருங்க. சூடான பொறவு கஷ்டம்னா கேபிளையும் தட்டையும் பாருங்க." யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி! குளிரில் எண்ணெய் தடிக்கிறது. சூட்டிலோ எண்ணெய் இளகிவிடுகிறது. அப்போதும் கிளட்ச் விடவில்லை என்றால் இடைவெளியே இல்லை என்று பொருள். நெரிசலில் பாதிக் கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து எஃகுத் தட்டு வெப்பத்தில் நெளிந்திருக்கலாம். உராய்வுத் தட்டின் காதுகள் கூடையின் அலுமினிய விரல்களில் பள்ளம் பறித்து, அந்தப் பள்ளத்தில் மாட்டி நகராமல் நிற்கலாம்.

அன்றைக்கே பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மீதியை 10டபிள்யூ-30 எம்ஏ தீர்த்தது. மாற்றிய வார ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் போனேன். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு தாண்டினால் 22 கொண்டையூசி வளைவுகள். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, மறுபடி மேலே. கியரைச் சோதிக்க இதைவிட நல்ல சாலை நம் மாவட்டத்தில் இல்லை. கையின் வேலையும் இதில் உண்டு என்று அங்கே தெளிவாகத் தெரிந்தது. மேல் கியருக்குப் போகும் கணத்தில் த்ராட்டிலை மூடினால் கொண்டியின்மேல் விசை தளர்ந்து அது தானாக நழுவும். கீழ்க் கியருக்கு வரும்போது த்ராட்டிலை ஒரு சிமிட்டு சிமிட்டினால் உள்தண்டின் வேகம் ஏறி, கொண்டியும் துளையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சந்திக்கும். பத்தாவது வளைவுக்குள் காலுக்கு அது பழகிவிட்டது.

முதல் கியரின் 'டக்' முழுதாகப் போய்விடவில்லை. எண்ணெயில் ஊறிய தட்டுகளுக்கு நடுவில் இழுவை எப்போதும் கொஞ்சம் இருக்கும். கவடியாரில் காலையில் இப்போது கிளட்சைப் பிடித்து மூன்று எண்ணும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முதல் கியரை மிதிக்கிறேன். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் உள்தண்டு வேகம் இழக்கிறது. சத்தம் இருக்கிறது, வண்டி துள்ளுவதில்லை.